நான் பின்தொடர்ந்த மஞ்சள் துடுப்புகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக மெயின்டனன்ஸ் வேலை. காற்றழுத்த இயந்திரம், கொதிகலன், குழாய், வால்வு, இவ்வளவுதான் என் உலகம். மீட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான் உண்மை, மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு. ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பிலோமினா பூசைக்கு இழுத்துக்கொண்டு போவாள், போவேன், அது வேறு விஷயம். எஸ்டேட்டில் இருந்த காலத்தில் செம்பனை எண்ணெய் மரக் காட்டுக்குள் யாரோ பெண் அழுகிறாள் என்று தொழிலாளர் லயத்து வீடெல்லாம் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது, நேராகப் போய்ப் பார்த்து அது பழைய தண்ணீர்ப் பம்பின் பெல்ட் தேய்கிற சத்தம் என்று கண்டுபிடித்தவன் நான்தான். கண்டுபிடித்ததற்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை, நல்ல கதை ஒன்று போச்சே என்று கோபித்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் பழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நாங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கத்து எஸ்டேட்காரர்கள். செம்பனைத் தோட்டத்துப் பாதையில் பெண்பிள்ளையோடு நடந்தால் பிள்ளை முன்னால் போகும், அப்பன் பின்னால் வருவான். காட்டுப்பன்றியும் நாயும் மோட்டார்சைக்கிளில் சுற்றுகிற காவாலிகளும் பின்னாலிருந்துதான் வரும் என்பது எங்கள் கணக்கு. முன்னால் விட்டால் பிள்ளை கண்ணிலேயே இருக்கும், பின்னால் வருவதை நாம் பார்த்துக்கொள்ளலாம். என் மகள் ஜெனியை அப்படித்தான் பள்ளிப் பேருந்து வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். ரவாங் டவுனுக்கு வீடு மாறிய பிறகும் கடைத்தெருவில்கூட அவள் முன்னால், நான் நாலடி பின்னால். "அப்பா, போலீஸ்காரர் மாதிரி வராதீங்க லா, எல்லாரும் பாக்கறாங்க" என்று திட்டுவாள். பார்க்கட்டும், எனக்கென்ன.

புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள், அங்கே கடலுக்கு அடியில் முக்குளிக்கிற கிளப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். வேறு கிளப்பே இல்லையா? பேச்சுப் போட்டி இருக்கிறது, பூப்பந்து இருக்கிறது, பிள்ளை போய் முதுகில் காற்று டாங்கியைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறது. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள், இந்தோனேசியாவில் ஓர் எரிமலைத் தீவு, அதைச் சுற்றிக் கடலடியில் பார்க்காத உயிரெல்லாம் இருக்கிறதாம், போகப் போகிறாளாம்.

பிலோமினா சோற்றுக்கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைத்தான் பார்த்தாள். "அவ போகணும்னா நீங்க கூடப் போங்க. ஒத்தப் பிள்ள. அவ இல்லாம நீங்க மட்டும் இந்த வீட்டு வாசப்படி ஏறாதீங்க" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறக்கும் முன்பே போய்விட்டன, மூன்றாவதுதான் ஜெனி. அதனால் ஐம்பத்தொரு வயதில் நான் முக்குளிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு நீச்சல் குளத்தில் சின்னப் பையன்களுக்கு நடுவில் தொப்பையும் நானுமாக உட்கார்ந்து பாடம் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், காற்று, அழுத்தம், வால்வு, மீட்டர், எல்லாம் நான் தினமும் பிழைக்கிற பிழைப்பு. பரீட்சையில் வகுப்பிலேயே நான்தான் முதல். ஜெனி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தண்ணிக்குள் இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும், அதுவும் பக்கத்தில் பக்கத்தில், தலையைத் திருப்பினால் மற்றவர் முகம் தெரிகிற மாதிரி. பின்னால் போகவே கூடாது. பின்னால் போகிறவனுக்கு ஒன்று ஆனால் முன்னால் போகிறவருக்குத் தெரியாது. சரி சரி என்று தலையாட்டுவேன், தண்ணிக்குள் போனதும் கால் தானாக ஜெனியின் பின்னால் போய்விடும். அவள் காலில் மாட்டுகிற துடுப்பு நல்ல மஞ்சள் நிறம். நான்தான் அந்த நிறத்தைப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். எத்தனை பேர் இருந்தாலும் அந்த மஞ்சள் தனியாகத் தெரியும்.

இரண்டு விமானம் மாறி, அதற்கு மேல் அரை நாள் படகு. தீவு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, கடலுக்குள்ளிருந்து ஒரு கறுப்பு மலை எழுந்து நிற்கிறது, உச்சியில் லேசாகப் புகை, அடிவாரத்தில் நாற்பது ஐம்பது வீடு. மலை மேலே அமைதியாகத்தான் இருக்கிறது, அடியில் அடுப்பு இன்னும் அணையவில்லை. கடலடியில் மணல் கரிக்கறுப்பு. கையை வைத்தால் சில இடத்தில் வெதுவெதுப்பாக இருக்கும். மணலிலிருந்து குமிழி குமிழியாக வந்துகொண்டே இருக்கும், ஆயிரக்கணக்கில், உலை கொதிக்கிற மாதிரி. எங்களைக் கூட்டிப்போனவர் ரூடி என்ற உள்ளூர் ஆள், நாற்பது வயது இருக்கும், பேச்சு குறைவு. நாம் பேசுகிற மலாய்க்கும் அவர் பேச்சுக்கும் கொஞ்சம் வித்தியாசம், ஆனால் திட்டினால் நன்றாகப் புரிந்தது. முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார். இங்கே பின்னால் போகாதே, மூச்சுக் குமிழியைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்போம், இந்த இடத்தில் எது ஆள் குமிழி, எது மண் குமிழி என்று தெரியாது என்றார்.

கேட்டேனா? கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லணும், அந்த முதல் இரண்டு நாளில் நான் சொக்கிப்போய்விட்டேன். மலை கொட்டிய கறுப்புக் கல்லில் எல்லாம் பவளம் பிடித்து, சிவப்பும் ஊதாவுமாக விசிறி விரித்து நிற்கிறது. கடல் சாமந்தி என்கிற பூ மாதிரி உயிருக்குள் ஆரஞ்சு நிறத்துக் குட்டி மீன் ஒன்று தன் வீட்டு வாசலில் நின்று என்னோடு சண்டைக்கு வந்தது, சுண்டு விரல் அளவுகூட இல்லை, அவ்வளவு ரோஷம். தவளை மீன் என்று ஒன்று, கல்லு மாதிரியே உட்கார்ந்திருக்கும், நீந்தாது, அடித்துடுப்பை ஊன்றி நடக்கும். வரி போட்ட கடல் பாம்பு நாலைந்து எப்போதும் அலைந்துகொண்டிருக்கும், நம் மூஞ்சிக்கு நேராக வந்து என்ன ஏது என்று பார்த்துவிட்டுப் போகும். எஸ்டேட்டில் பாம்பு என்றால் பாராங் கத்தியோடு ஓடுகிறவன், அங்கே கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றேன். ஜெனி என்னைப் பார்த்துச் சிரித்ததில் அவள் மாஸ்க்குக்குள் தண்ணீர் போய்விட்டது. என் பிள்ளை எவ்வளவு பெரிய உலகத்தைத் தனியாகப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள். காலை பத்து மணி, நல்ல வெயில், கடல் தட்டு மாதிரி. ராத்திரியும் இல்லை, மழையும் இல்லை, கதைகளில் வருகிற எதுவும் இல்லை. ஆறு பேர் இறங்கினோம், ரூடியோடு ஏழு. பதினாறு மீட்டர் ஆழத்தில் கறுப்பு மணல் சரிவு ஒன்று, நிறையக் குமிழி. ஜெனி முன்னால் போகிறாள், நான் வழக்கம்போலப் பின்னால். எட்டு, ஒன்பது நிமிடம் ஆகியிருக்கும், என் மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிந்தது. நின்றேன், மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியே தள்ளினேன், வாரை இழுத்துச் சரிசெய்தேன். அரை நிமிடம், அதற்குமேல் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் குமிழித் திரைக்கு அந்தப் பக்கம் மஞ்சள் துடுப்பு இரண்டும் நிதானமாக ஆடிக்கொண்டு போகிறது. சரி என்று பின்னால் போனேன்.

ரொம்ப நேரம் போனோம். நானும் அவளும்தான், மற்றவர்கள் மேலே எங்கேயோ. இடையில் குமிழி எப்போதும் இருந்துகொண்டே இருந்தது, அவள் இடுப்புக்கு மேலே சரியாகத் தெரியவில்லை, துடுப்பும் காலும்தான். அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. நான் இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டு வருவது அவள் முதுகையும் காலையும்தானே.

ஒரு இடத்தில் மணலில் விலாங்கு மீன்கள், நூறு இருநூறு இருக்கும். வால் மணலுக்குள், உடம்பு வெளியே, நாற்று நட்ட மாதிரி வரிசையாக நின்று ஆடிக்கொண்டிருக்கும். ரொம்பப் பயந்த உயிர். ஆள் பத்தடி தூரத்தில் வந்தாலே சரக்கென்று வளைக்குள் இறங்கிவிடும், வெறும் மணல்தான் மிஞ்சும். ஜெனி அதற்கு மேலே போனாள், ஒன்றுகூட இறங்கவில்லை. அவள் வயிற்றுக்குக் கீழே அப்படியே நின்று ஆடிக்கொண்டிருந்தன. நான் கிட்டே போனேன், அத்தனையும் உள்ளே போய்விட்டன. என்மேல் மட்டும் என்ன கோபம் என்று நினைத்தேன். பிள்ளை எவ்வளவு பதமாக நீந்துகிறாள், நாம்தான் எருமை மாதிரி தண்ணியைக் கலக்குகிறோம் என்றும் நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், சத்தியமாக.

அப்புறம் ஒரு பெரிய கறுப்புப் பாறை. அவள் அதைச் சுற்றி இடது பக்கமாகத் திரும்பினாள், மஞ்சள் மறைந்தது. நானும் திரும்பினேன்.

ஜெனி என்னைப் பார்த்தபடி அங்கே இருந்தாள். பாறைக்கும் பவளத்துக்கும் நடுவில் ஒரு சந்து, அதற்குள் மண்டி போட்ட மாதிரி. யாரோ மீன் பிடித்து அறுந்துபோன நைலான் கயிறு அவள் டாங்கியின் கழுத்தில் நாலைந்து சுற்று சுற்றி, ஒரு காலையும் சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தது. அவளால் முன்னாலும் வர முடியாது, திரும்பவும் முடியாது. சுற்றிலும் மணல் அப்படியே படிந்து கிடந்தது, கலங்கலே இல்லை. இப்போதுதான் வந்து மாட்டியவள் மாதிரி இல்லை. அவளைச் சுற்றி இருந்த குட்டி மீன்கள்கூடப் பழகிப்போய் அவள் கைமேல் மேய்ந்துகொண்டிருந்தன.

கை தானாக வேலை செய்தது, அது மெயின்டனன்ஸ்காரன் கை. காலில் கட்டியிருந்த சின்னக் கத்தியை எடுத்தேன், ஒவ்வொரு சுற்றாக அறுத்தேன். அவள் அசையவே இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தாள், அழவில்லை, பயந்த மாதிரியும் இல்லை. மீட்டரைப் பார்த்தேன். இறங்கும்போது இரண்டு பேருக்கும் இருநூறு, இப்போது என் டாங்கியில் எண்பது இருந்தது, அவள் டாங்கியில் நூற்றுப் பத்து. மாட்டிக்கொண்டு கிடந்தவளுக்கு என்னைவிட அதிகமாகக் காற்று மிச்சம். கையைக் கோத்துக்கொண்டு மெல்ல மேலே வந்தோம், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம், முறைப்படி எல்லாம் செய்தோம். படகில் ஏறினோம்.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா, ஒரு செகண்ட்ல போய் மாட்டிக்கிட்ட?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கையில் கட்டுகிற கம்ப்யூட்டர் ஒன்று எல்லாருக்கும் உண்டு, எந்த நிமிடத்தில் எவ்வளவு ஆழத்தில் இருந்தோம் என்று கோடு கோடாக எழுதி வைத்திருக்கும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு ரூடி எங்கள் இருவருடையதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னுடையது மேடும் பள்ளமுமாகப் போகிறது. ஜெனியுடையது ஒன்பதாவது நிமிடத்தில் நேராகப் படுத்துவிட்டது. ஒன்பதிலிருந்து இருபத்தாறு வரைக்கும் ஒரே ஆழம், ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி. அவள் தவளை மீன் ஒன்றைப் பார்க்க அந்தச் சந்துக்குள் நுழைந்திருக்கிறாள், நான் மாஸ்க்கைச் சரிசெய்த அதே அரை நிமிடத்தில். நான் நின்ற இடத்துக்கும் பாறைக்கும் இருபதடிகூட இல்லையாம்.

அப்படியானால் பதினேழு நிமிடம் நான் யார் பின்னால் போனேன்? சொல்லுங்கள். மஞ்சள் துடுப்பு எங்கள் கூட்டத்தில் வேறு யாருக்கும் இல்லை. அன்றைக்கு அந்தத் தீவில் வேறு படகே இல்லை. ரூடி மேலேயிருந்து என்னைப் பார்த்திருக்கிறார். நீ தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தாய், முன்னால் நிறையக் குமிழி, மகள் அதற்குள் இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன் என்றார். அந்தப் பாறைச் சந்துப் பக்கம் நாங்கள் திரும்பி வருகிற வழியே இல்லை, தேடியிருந்தாலும் கடைசியில்தான் தேடியிருப்போம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இன்றைக்கும் ஒரு கணக்கு உதைக்கிறது. காப்பாற்றத்தான் கூட்டிப்போனது என்றால் இருபதடிக்கு ஏன் பதினேழு நிமிடம்? ஏன் என்னை அவ்வளவு தூரம் கொண்டுபோய், சுற்றிச் சுற்றி, மறுபடி அங்கேயே கொண்டுவந்து விட்டது? ரூடியிடம் கேட்டேன். அவர் தேநீரை முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார், நான் மற்றவர்கள் கதை சொல்லும்போது எழுந்து போவேனே, அது மாதிரி இல்லை, வேறு மாதிரி.

வீட்டுக்கு வந்தோம். பிலோமினாவிடம் மீனைப் பற்றி, ஆமையைப் பற்றி, பாம்பைப் பற்றி எல்லாம் சொன்னோம். இதை மட்டும் சொல்லவில்லை. ஜெனியும் நானும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. ஜெனியிடம்கூட நான் மஞ்சள் துடுப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பயந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஐந்து மாதம் கழித்துக் கோலா குபு பாருவில் என் தங்கச்சி வீட்டுக்கு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தோம், நானும் ஜெனியும் மட்டும் காரில். அம்பாங் பெச்சா தாண்டும்போது திடீரென்று கேட்டாள். "அப்பா, ஒண்ணு கேட்டா கோவப்பட மாட்டீங்களே? அன்னைக்கி ஏன் அவ்ளோ நேரம் சும்மாவே இருந்தீங்க?"

"எங்கம்மா சும்மா இருந்தேன்?"

"பாறைக்குள்ள மாட்டினேனே. மாட்டின ஒடனே நீங்க பின்னால வந்து எடது தோள்ல கை வச்சீங்க. திரும்ப முடியல, ஆனா நீங்கதான்னு தெரியும், எப்பவும் பின்னாலதானே வருவீங்க. அப்பா இருக்காரு, அறுத்துடுவாருன்னு பேசாம மூச்சு விட்டுக்கிட்டு இருந்தேன். கை அப்படியே இருந்துச்சு. நெறைய நேரம். நான் பயப்படவே இல்லப்பா."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். கை ஸ்டியரிங்கை விடவில்லை. பயப்படாமல் மெல்ல மூச்சு விட்டதால்தான் டாங்கியில் நூற்றுப் பத்து என்று புத்திக்குப் புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை. ஆமாம்மா, நான்தான், கத்தி சிக்கிக்கொண்டது, அதனால்தான் தாமதம் என்று ஒரு பொய்யைத் தயார் செய்தேன். வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அப்புறம் நீங்க முன்னால வந்து நின்னீங்க. கத்திய எடுத்தீங்க, அறுத்தீங்க. உங்க ரெண்டு கையும் எனக்கு முன்னால இருந்துச்சுப்பா. தோள்ல இருந்த கை எடுக்கல. மேல வந்து படகு ஏணியப் பிடிக்கிற வரைக்கும் எடுக்கல."

நான் திரும்பி அவள் இடது தோளைப் பார்த்தேன். "போலாம்ப்பா, அத்தை காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள். போனோம், சாப்பிட்டோம், தங்கச்சி வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஜெனி நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சிரிக்கிறாள். ஒரு குறையும் இல்லை. போன வாரம் வேலைக்குக் கிளம்பும்போது அவளுடைய கனமான கம்ப்யூட்டர் பையை வலது தோளில் மாட்டினாள், சாப்பாட்டுப் பையையும் அதே தோளில் மாட்டினாள், குடையையும் அதிலேயே தொங்கவிட்டாள். உடம்பே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஒன்றை இடது தோளுக்கு மாற்றும்மா, முதுகு போய்விடும் என்றேன்.

"பரவால்லப்பா" என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. "அந்தப் பக்கம் எடம் இருக்கட்டும்."